பதினாறு ஐஸ் குச்சி

"பன்னெண்டு" என்றாள் டாக்டர் பிளெஸ்ஸி. கார்த்திகாவின் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே சின்ன ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பிடித்திருந்தவள், நம்பாமல் அதை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். வைகாசிக் கடைசியில் இதே நாற்காலியில் இதே பிள்ளைக்கு முப்பத்திரண்டு இருந்தது. அவள் கைப்பட எழுதிய சீட்டு கோப்பில் மேலாகவே கிடந்தது. பத்து வயசுப் பிள்ளை, வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் திறக்காது என்பது அவளுக்கு எல்லோருக்கும் முன்பே தெரியும்.

"எக்ஸர்சைஸ் பண்ணீங்களா இல்லையாம்மா?" என்று செவந்தியைப் பார்த்துத்தான் கேட்டாள் டாக்டர். பிள்ளை காரியம் என்றால் ஆத்தாளைத்தானே கேட்பார்கள். சுவரோரம் துணிப்பையோடு நின்ற அப்பன் சேவுகன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"பண்ணுனோம் டாக்டர். நடுவுல கொஞ்ச நாளு விட்டுப்போச்சு."

"எத்தனை நாள்?"

"பதினேழு நாளு."

"ஏன் விட்டீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் சேவுகன் ஒருத்தன்தான். குவைத்தில் பதினாலாவது மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நின்று, காற்று அடிக்க அடிக்கப் பைப் கோத்த மனுஷன். அவனுக்கு அந்த நேரத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. 'நான்தாங்க நிறுத்தச் சொன்னேன்.' மூன்றே வார்த்தை. வரவில்லை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும். கார்த்திகாவுக்கு நாலு வயசில் அரிமளத்துப் பக்கத்து அவர்கள் ஊரில், தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டிலிருந்து விழுந்து மோவாய் கிழிந்தது. அஞ்சு தையல் போட்டார்கள், ஆறியது, எல்லோரும் மறந்துபோனார்கள். மோவாயில் அடிபட்ட பிள்ளைக்குக் காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டை யார் போய்ப் பார்ப்பார்கள்? அந்த மூட்டு உள்ளுக்குள்ளேயே நொறுங்கி, மெல்ல மெல்ல மண்டை எலும்போடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் வாய்க்குள் ஒரு விரல் நுழைந்தது. நாலாம் வகுப்பில் நகம்கூட நுழையவில்லை. செவந்தி சோற்றைக் கூழாகப் பிசைந்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த சந்து வழியாகத் தள்ளித் தள்ளித்தான் பிள்ளையை வளர்த்தாள். மோவாய் வளராமல் உள்வாங்கிப் போனதால் பள்ளிக்கூடத்தில் குருவி மூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை சிரிப்பது கண்ணால் மட்டும்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இந்த வீட்டில் அப்படி இல்லை. மகள் வயிறு நிறைகிற வரைக்கும் செவந்தி பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

இதையெல்லாம் சேவுகன் குவைத்திலிருந்து போனில்தான் பார்த்தான். பணம் அனுப்பினான், திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைக் கேட்டு வைத்தான், சித்திரையில் ஆபரேஷன் நடந்தது. ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து, இடைவெளியில் பக்கத்துத் தசையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். செவந்தியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒன்றைச் சொன்னார்கள். முகத்து நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது, நூற்றில் சில பேருக்குப் புருவம் தூக்க முடியாமல் போகலாம், ரொம்ப அபூர்வமாக அது அப்படியே நின்றும் போகலாம் என்று. போனில் அதைக் கேட்ட சேவுகன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் தூங்கவில்லை. அவன் பயந்தபடியே கார்த்திகாவின் இடது புருவம் ஆபரேஷனுக்குப் பிறகு அசையவில்லை. ஆனால் ஆடி மாசத்துக்குள் அது தானாகவே திரும்பி வந்துவிட்டது. பயந்தது வந்த வழியே போனது. பயப்படாத ஒன்றுதான் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் பிளெஸ்ஸி செவந்தியைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். "நாங்க பண்ணினது பாதிம்மா. மீதிப் பாதி உங்க கையில இருக்கு. அந்த எலும்பு திரும்ப ஒட்டிக்கத்தான் பார்க்கும். தினம் ஆறு தடவை வாயை விரிச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு வருஷத்துக்கு. புள்ள அழும். அழுதாலும் விட்டுறாதீங்க, ஒரு நாள்கூட." சொல்லிவிட்டு ஒரு கட்டு ஐஸ் குச்சியைக் கொடுத்தாள். குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே வைத்து, நடுவில் இன்னொரு குச்சியைச் செருகி, அறுபது எண்ண வேண்டும். எட்டு பழகியதும் ஒன்பது.

செவந்தி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காலையில் குச்சிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பாள், பிள்ளை தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துத் துண்டால் அணைப்பாள், எண்ணத் தொடங்குவாள். ஈறு கிழிந்து எச்சிலோடு ரத்தம் வழியும். கார்த்திகா கத்துகிற கத்தலில் எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். இவளெல்லாம் ஆத்தாளா என்று குழாயடியில் பேசினார்கள். முதல் நாள் எண்ணி முடித்ததும் செவந்தி கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. ஏழு வாரத்தில் எட்டுக் குச்சி பதினாறு ஆனது. பதினாறு குச்சி என்றால் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். கார்த்திகா முதல் தடவையாக ஒரு முழு இட்லியைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். அன்றைக்குத் திருச்சியில் டாக்டர் செவந்தியின் கையைப் பிடித்து, "நீங்கதான்மா இந்தப் புள்ளைக்கு டாக்டர்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் சேவுகன் லீவில் வந்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு மாசம் வருகிற அப்பன், பிள்ளைக்கு விருந்தாளி மாதிரித்தான். மிட்டாய், பொம்மை, செண்ட் பாட்டில் எல்லாம் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பிள்ளை தன்னிடம் ஒட்டுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான். வந்த மறுநாள் காலையில் அந்தக் கத்தலைக் கேட்டான். போனில் பேசும்போது செவந்தி அந்த நேரம் பார்த்து இணைப்பைத் துண்டித்துவிடுவாள், அதனால் அவனுக்கு அது தெரியாது. காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். மத்தியானம் குச்சி வைக்கும்போது கார்த்திகா ஆத்தாள் கையிலிருந்து நழுவி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மாட்ட சொல்லுப்பா. இன்னைக்கு ஒரு நாளு மட்டும்ப்பா." அவன் பிள்ளையைத் தூக்கி ஆத்தாளிடமே கொடுத்தான். கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய், அறுபது எண்ணி முடிகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தான். தினம் ஆறு தடவை எத்தனை நாளைக்குத்தான் ஓடுவது?

மகளுக்கு வாய் திறந்தால் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கிறேன் என்று அவன் குவைத்திலேயே வேண்டியிருந்தான். ஆனி மாசம் புரவி எடுப்பு. குதிரை செய்கிற வேளாரிடம் போய்ப் பிடிமண் கொடுத்துக் குதிரைக்குச் சொல்லிவைத்தபோது விஷயத்தைச் சொன்னான். வேளார் கிண்டல்காரர். "கையி, காலு, கண்ணு எல்லாம் நேத்திக்கடனுக்குச் செஞ்சு கொடுத்துருக்கேன். வாயி மட்டும் இதுவரைக்கும் செஞ்சதில்ல தம்பி. நீ குதிரையே வச்சிரு. அதுக்குத்தான் நல்ல பெரிய வாயி" என்றார்.

ஐயனார் கோவிலில் காப்புக் கட்டினார்கள். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கறி மீன் கூடாது, வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்துத் தாளிக்கக் கூடாது. இவ்வளவுதான் ஊர்க் கட்டுப்பாடு. சேவுகன் கயிறு கட்டிய கையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது செவந்தி தோளில் துண்டோடு, கொதிநீர்க் கிண்ணத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். கார்த்திகா மூலையில் சுருண்டிருந்தாள்.

"எடுத்து வையி அத" என்றான் சேவுகன். "காப்புக் கட்டியாச்சு. எறக்குற வரைக்கும் இந்த வீட்டுல புள்ள கண்ணுல தண்ணியும் வரக் கூடாது, வாயில ரத்தமும் வரக் கூடாது."

"அப்புடின்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? சாமி காரியம்."

"டாக்டரு ஒரு நாளுகூட விடக் கூடாதுன்னாங்கங்க."

"அந்த வாயத் தொறந்ததே ஐயனாருதான்டி. தொறந்தவரு மூடுவாரா?"

"மூடுறது ஐயனாரு இல்லங்க" என்றாள் செவந்தி. "எலும்பு."

அவள் சொன்னது சத்தியம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்ததனால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ ஆத்தாளா இல்ல பிசாசா?" என்று கேட்டுவிட்டான். குழாயடிப் பேச்சு அவன் வாய் வழியாக வந்தது. செவந்தி எழுந்தாள். குச்சிகளைத் துடைத்து டிபன் டப்பாவில் போட்டு மூடிப் பரண் மேல் வைத்தாள். நாலாம் நாள் மாட்டுக்கொட்டகையில் வைத்துக் கள்ளத்தனமாக ஒரு தடவை முயன்று பார்த்தாள். "அதான் அப்பா வேணாம்னுட்டாருல்ல" என்று பிள்ளை கத்த, அவன் ஓடிவந்து நின்றான். அதோடு அவளும் விட்டாள். நடுவில் திருச்சிக்குப் போக வேண்டிய தேதி ஒன்றும் வந்து போனது. எல்லை தாண்டக் கூடாதே.

இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதினேழு நாளும்தான் சேவுகன் ஆயுசிலேயே நல்ல நாட்கள். கார்த்திகா அவன் வண்டியின் முன்னால் உட்கார்ந்து கண்மாய்க்கரையைச் சுற்றி வந்தாள். அவன் முதுகில் ஏறித் தூங்கினாள். அப்பா அப்பா என்று வீடு முழுக்க ஒரே பாட்டு. பலாப்பழக் காலம். முதல் நாள் ஒரு முழுச் சுளையை வாயில் போட்டுக் கன்னம் உப்ப அவனுக்குக் காட்டினாள். ஒரு வாரம் கழித்துச் சுளையைப் பாதியாகக் கிழித்துத் தின்றாள். குதிரை எடுப்புக்கு முந்தின நாள் நார் நாராக உரித்து உரித்து உள்ளே தள்ளினாள். சேவுகன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பொம்பளைப் பிள்ளை நாசூக்காகச் சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தான். அடப்பாவி மனுஷா, அஞ்சு வருஷம் அந்தப் பிள்ளை அப்படித்தானே சாப்பிட்டது!

குதிரை எடுத்தார்கள். நாலு பேர் தூக்கிய குதிரை, பல் தெரிய வாயைப் பிளந்துகொண்டு, வெள்ளையும் சிவப்புமாக ஊர்கோலம் போனது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்த சேவுகனுக்குப் பூமியில் கால் பாவவில்லை. காப்பு இறக்கினார்கள். மறுநாள் காலையில் செவந்தி பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். ஒன்பது குச்சி போனது. பத்தாவது போகவில்லை. அவள் திரும்பவும் எண்ணிப் பார்த்தாள், ஒன்பதுதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்களே, அதைச் சேவுகன் கண்ணால் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவனும் கூட உட்கார்ந்தான். பிள்ளை தலையை அவன் பிடித்துக்கொள்ள, செவந்தி குச்சியைத் தள்ளினாள். இப்போது கத்தல் வேறு மாதிரி இருந்தது. வலிக்கு மேலே ஏதோ ஒரு தடுப்பு, கல்லில் முட்டுகிற மாதிரி. ஒன்பது எட்டானது, எட்டு ஏழானது. செவந்தி உடனே திருச்சிக்குப் போவோம் என்றாள். கொஞ்சம் ஏத்திக்கிட்டுப் போவோம், இப்படியே போனால் திட்டுவார்கள் என்று இவன் இழுத்தான். லீவை ஒரு மாசம் நீட்டிக் கேட்டு வாங்கினான். ஏறவில்லை. ஆவணி பிறந்துவிட்டது.

ஒரு நாள் டீக்கடையில் சாமியாடி அடைக்கலத்தைப் பார்த்தபோது சேவுகன் மெதுவாகக் கேட்டான். காப்பு நாளில் வீட்டில் ரத்தம் வரக் கூடாதுதானே என்று. கிழவர் கிளாசைக் கீழே வைத்தார்.

"எவன்யா சொன்னான் ஒனக்கு? காப்புக் கட்டுன கையோடதான் எம் மகன் நின்னான், வீட்டுல மருமக புள்ள பெத்தா. அப்ப ரத்தம் வரலையா, அவ கத்தலையா? ஆசுபத்திரிக்காரங்க சொன்னத செய்யிறதுக்கு ஐயனாரு என்னைக்குய்யா குறுக்க நின்னாரு?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்தது, பூசாரியும் தடுக்கவில்லை. சேவுகன் பாதி டீயோடு எழுந்து வந்தான். யார் மேலே போட்டாலும் பழி திரும்பி அவன் மேலேயே வந்து விழுந்தது. பிள்ளை தன்னைப் பார்த்து அழக் கூடாது, தன்னை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஆசை. அந்த ஆசைக்கு ஐயனார் பெயரை வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

"ஏன் விட்டீங்க?" என்று டாக்டர் பிளெஸ்ஸி இரண்டாம் தடவை கேட்டாள்.

செவந்தி அவன் பக்கம் திரும்பவில்லை. "என்னால முடியல டாக்டர்" என்றாள்.

டாக்டர் திட்டினாள். கத்தாமல், ஆற்றாமையோடு திட்டினாள். எவ்வளவு சொன்னேன், உங்களை நம்பித்தானே அனுப்பினேன், இந்த வார்டில் எல்லோரிடமும் உங்களைப் பற்றிச் சொன்னேனே என்றாள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெட்டிய இடத்தில் புது எலும்பு பாலம் கட்டியிருப்பதைக் காட்டினாள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் இப்படித் திரும்ப ஒட்டும் என்றும், முக்கால்வாசி இப்படி விட்டதனால்தான் என்றும் சொன்னாள். ஆறேழு மாசம் போகட்டும், அந்த எலும்பு முற்றிய பிறகு இன்னொரு தடவை வெட்ட வேண்டும். இரண்டாம் தடவை என்றால் உள்ளே எல்லாம் இறுகியிருக்கும், முகத்து நரம்புக்கு ஆபத்து முன்னைவிடக் கூடுதல். "போன தடவ புருவம் திரும்ப வந்துச்சு. இந்தத் தடவ வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா." செவந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சேவுகன் சுவரோரம் அப்படியே நின்றான். திட்டு முடிந்தது. மருந்துச்சீட்டு எழுதினார்கள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். 

வராந்தாவில் வந்துதான் அவனுக்குக் குரல் வந்தது. "நான் சொல்லியிருக்கணும் செவந்தி. நான்தான்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னா?"

"ஒன்னயத் திட்டுனாங்கல்ல."

செவந்தி ஸ்கேன் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே பேசினாள். "திட்டட்டுமே. நானும் விட்டவதான? நீங்க சொன்னீக, நானும் கேட்டுக்கிட்டுச் சும்மாருந்தேன்ல. எனக்குக் கை இல்லையா, காலு இல்லையா? புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?" பையைத் தோளில் மாட்டினாள். "அந்தப் பதினேழு நாளும் நானும் நல்லாத் தூங்குனேங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

அவள் கண் கலங்கவில்லை. பிசாசு என்று அவன் சொன்னதைப் பற்றி இதுவரைக்கும் அவள் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான்.

புதுக்கோட்டை பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு கிடைத்தது. ஜன்னல் பக்கம் கார்த்திகா, நடுவில் சேவுகன், ஓரத்தில் செவந்தி. செவந்தி ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளோ இல்லையோ தெரியாது. கீரனூர் தாண்டியது. சேவுகன் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"அப்பா குவைத்துக்குப் போகல தங்கம்" என்றான். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிருறேன். அடுத்த ஆபரேஷன் முடிஞ்சு, ஒனக்கு நல்லா வாய் தொறக்குற வரைக்கும் அப்பா இங்கிட்டே இருக்கேன். சரியா?"

கார்த்திகா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பல்லிடுக்கு வழியாகப் பேசும் பழைய பேச்சு அவளுக்குத் திரும்ப வந்துவிட்டது.

"வேணாம்ப்பா. நீ போயிரு."

"ஏன்டா?"

"நீ இருந்தா நான் ஒங்கிட்ட அழுவேன். நீ வேணாம்னு சொல்லிருவ." அதில் கோபம் எதுவும் இல்லை. "அம்மான்னா விடாது. அம்மா மட்டும் போதும்."

  அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகு இல்லையே. பத்து வயசுக்குள் அந்தப் பிள்ளை தன்னை இவ்வளவு துல்லியமாக எடை போட்டு வைத்திருக்கிறதே என்று நினைத்தான். மகள் தன் மேல் சாய்ந்துகொண்டபோது, அவள் தலை தோளில் நிற்பதற்குத் தோதாகக் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தான். அது மட்டும்தான் அவனால் முடிந்தது.

மத்தியான வெயிலும் காலையில் சீக்கிரம் எழுந்ததும் சேர்ந்து, கார்த்திகாவுக்குக் கொட்டாவி வந்தது. உதடு பிரிந்தது, பல் பிரிந்தது, விரல் நுனி அளவுக்கு வந்து நின்றுவிட்டது. மூக்கு விடைத்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது, கழுத்து நரம்பு இழுத்தது. வெளியே வர வழி இல்லாத கொட்டாவி, முகத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு அடங்கியது. கொட்டாவி ஒட்டுவாரொட்டி. பார்த்துக்கொண்டிருந்த சேவுகனுக்கும் வந்தது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தாடை தானாக இறங்கி, மூன்று விரல் தாராளமாக நுழையும்படி அவன் வாய் அகலத் திறந்துகொண்டது. மகள் பார்க்கிறாளோ என்று பதறி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்தினான்.